எதிர்வீட்டு அம்மாளின் தூக்கம்

அந்த அம்மாளுக்குத் தூக்கம் வந்தால் தூங்கிவிடுவார். இதைவிட எரிச்சலூட்டும் குணம் ஒரு மனிதப் பிறவிக்கு இருக்க முடியாது என்று எண்பதுகளின் பெரும்பகுதியை நான் நம்பியே கழித்தேன்.

ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்பு தைக்கும் ஆலையில் அவருக்குத் தையல் வேலை. எனக்கு வேறொரு ஆலையில் லேத்து வேலை. குவார்ட்டர்ஸில் முதல் மாடியில் எதிரெதிர் வீடு. அவர் திருமுல்லைவாயில்காரர், நாங்கள் திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து சேர்ந்தவர்கள். அவருடைய கணவருக்கு நடுக்குவாதம். லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். ஒருநாள் தான் ஸ்டியரிங்கை ஆட்டுகிறோமா, ஸ்டியரிங் தன்னை ஆட்டுகிறதா என்று புரியாமல் வண்டியை ஓரம் கட்டியவர் அப்புறம் ஏறவேயில்லை. என் மனைவி கமலாவுக்குச் சரவாங்கி. காலையில் விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கும். டம்ளரைப் பிடிக்க வராது. புடவைக் கொசுவத்தை மடிக்க வராது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு இருந்த ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று.

ஆக, ஒரே மாடியில் இரண்டு நோயாளிகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இரண்டு பேர். பரீட்சை அறையில் ஒரே கேள்வித்தாளை வாங்கிய பக்கத்து பெஞ்சு மாணவர்கள் மாதிரி. நான் நகத்தைக் கடித்துக்கொண்டு எழுதுவேன். பக்கத்தில் எட்டிப் பார்த்தால் அந்த அம்மாள் பேனாவை மூடிவைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். பொறாமை வருமா வராதா?

முதன்முதலில் அவரைப் பார்த்ததே தூங்கும்போதுதான். நாங்கள் குடிவந்த வாரம். மதியம் வேலை முடிந்து படியேறுகிறேன், பாதிப் படியில் ஒரு பெண்மணி சுவரில் சாய்ந்து, மடியில் மஞ்சள் பையோடு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். மயக்கமோ என்று பயந்து குனிந்தேன்.

“பாத்துப் போங்க சார், தக்காளி கீது” என்றார், கண்ணைத் திறக்காமல்.

“உடம்பு சரியில்லையாம்மா?”

“டயர்டு. மேல போனா அவர எய்ப்பணும், சோறு ஊட்டணும். அத்தான் இங்கியே ஒரு தூக்கம் போட்டுகினு போலாம்னு குந்திட்டேன்.”

படியில் உட்கார்ந்து தூங்குவது என்பது எங்கள் ஊரில் குடிகாரர்களுக்கு மட்டும் விட்டுவைத்த உரிமை. எனக்கும் அன்று களைப்புதான். அந்தப் படியில் இன்னொரு ஆளுக்கு இடமும் இருந்தது. ஆனால் நான் கௌரவமாக மேலே போய், கமலாவுக்குச் சோறு பிசைந்து கொடுத்து, பாத்திரம் தேய்த்து, துணியை அலசிப் போட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. படியில் அவர் தூங்கிய தூக்கம்தான் கண்முன் வந்தது.

இந்த இடத்தில் என் பெருமூச்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். களைப்பாக இருக்கிறது என்று நான் யாரிடமும் வாயைத் திறந்து சொன்னதில்லை. அதற்குத்தான் பெருமூச்சு இருந்தது. கீழே சைக்கிளைப் பூட்டும்போது தொடங்கும். மாடிப்படியில் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது “ம்ம்ஹ்ஹா...” என்று மொத்தமாக வெளியே வந்து விழும். அதைக் கேட்டுத் தண்ணீர் பிடிக்க நிற்கும் பெண்கள் “பாவம் சார்” என்பார்கள். “ஆம்பளையாப் பொறந்தும் பொண்டாட்டிக்குத் தலை பின்னி விடறாரு, தெய்வம்” என்பார்கள். அந்தப் ‘பாவம் சார்’தான் எனக்கு டானிக்.

எதிர்வீட்டு அம்மாளுக்கு அந்த டானிக் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் ஏச்சு. காரணம், அவருடைய ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், சலவைப் புடவை கட்டி, முழம் கனகாம்பரம் வைத்து, கணவரைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு எங்கள் கதவைத் தட்டுவார்.

“மாப்ளே, இவர கொஞ்சம் உங்க ஊட்ல போடறேன். சாயங்காலம் எடுத்துகினு போறேன்.”

கமலா அவரை அக்கா என்று கூப்பிடப்போக, நான் மாப்பிள்ளை ஆகியிருந்தேன். சீர் எதுவும் வரவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமைப் பொறுப்பு மட்டும் வந்தது. அவர் கணவரும் எந்தக் கூச்சமும் இல்லாமல், எங்கள் ஹாலில் அவருக்கென்றே வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்ட பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, “போய்னு வா” என்று நடுங்கும் கையைத் தூக்குவார்.

“எங்கே போறீங்க அக்கா?” என்று கமலா கேட்டால் ஒரே பதில்தான். “சாயங்காலம் வரிக்கும் நான் பூட்டேன்னு வெச்சிக்கோ.”

செத்துப்போனவர் சாயங்காலம் திரும்பி வருவார். எப்படி? எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தை மாதிரி, முகம் பளபளவென்று. எங்கே போகிறார் என்று குவார்ட்டர்ஸ் முழுக்க ஆராய்ச்சி. “புருஷன் நடுங்கிக்கிட்டுக் கெடக்கான், இவ பூ வெச்சிக்கிட்டு ரயிலேறுறா” என்று தண்ணீர்க் குழாயடியில் பேசுவது எனக்கே கேட்கும். நான் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொரு பெருமூச்சு விடுவேன். அதற்கும் ஒரு ‘பாவம் சார்’ கிடைக்கும்.

அந்த அம்மாள் மட்டும் என் பெருமூச்சுக்கு மயங்கவில்லை.

“இன்னா மாப்ளே, டயர் பஞ்சரா? கீழ்ப்படியிலேர்ந்து காத்து எறங்கிகினே வருது?”

“இல்லீங்க, சும்மா...”

“சும்மா எதுக்கு எறங்குது? முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. சொன்னா வாய்லேர்ந்து முத்து கொட்டிப் பூடுமா? கமலாவ எங்க ஊட்ல வுட்டுட்டு நீங்க எங்கனா போய்ட்டு வாங்க.”

“பரவால்லீங்க, நான் பாத்துக்கறேன்.”

“பாத்துக்குங்க, பாத்துக்குங்க. உங்களுக்கு மெடல் குத்த ஜனாதிபதி வந்துகினு கீறாரு.”

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறொன்று. அந்த அம்மாள் எங்கள் வீட்டில் இருக்கும்போது கமலா சிரிப்பாள்.

வேலை விட்டு வரும்போது மாடிப்படியிலேயே கேட்கும். கல்யாணமான புதிதில் நான் கேட்ட அதே சிரிப்பு, நடுவில் மூச்சு வாங்கி, திரும்ப முதலிலிருந்து தொடங்குகிற சிரிப்பு. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவேன். வாசலில் செருப்பைக் கழற்றுவேன். பழக்கதோஷத்தில் “ம்ம்ஹ்ஹா...” வெளியே வரும். உள்ளே சிரிப்பு நின்றுவிடும். நான் நுழையும்போது அந்த அம்மாள் கமலாவின் தலையைப் பின்னிக்கொண்டிருப்பார். கமலா தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பின்னல் வேறு அவ்வளவு நேர்த்தியாக இருக்கும். லேத்தில் இம்மி பிசகாமல் மரை போடுகிற கை என்னுடையது. கமலாவின் தலையில் வைத்தால் மட்டும் மூன்று கால் பின்னல் மூன்று ஊருக்குப் போகும்.

தினமும் காலையிலிருந்து இரவு வரை உழைப்பவன் நான். சிரிப்பு மட்டும் எதிர்வீட்டுக்கு. அந்தச் சிரிப்பு என் வீட்டுக்குத் திரும்புமா திரும்பாதா என்பதுதான் அந்த நாட்களில் என் ஒரே கவலை. சம்பள உயர்வுக்குக்கூட நான் அப்படிக் கவலைப்பட்டதில்லை.

கடைசியில் பொறாமை முற்றி, துப்பறியும் வேலையில் இறங்கினேன். ஒரு ஞாயிறு, அவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், கமலாவிடமும் பிரம்பு நாற்காலிக்காரரிடமும் “கடை வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். ஆவடி ஸ்டேஷனில் அவர் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். தூண் ஒல்லி, நான் அப்போதெல்லாம் கொஞ்சம் பூசினாற்போல. இருந்தாலும் அவர் திரும்பவில்லை. “திருவள்ளூர்” என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. நானும் திருவள்ளூர் வாங்கினேன்.

அவர் பெண்கள் பெட்டியில் ஏறினார். நான் கம்பிவலைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் பொதுப்பெட்டியில். இப்போது தெரியப்போகிறது ரகசியம் என்று வலையில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பட்டாபிராம் வருவதற்குள் தூங்கிப்போனார்.

அவ்வளவுதான். யாரும் வந்து பார்க்கவில்லை. எங்கும் இறங்கவில்லை. திருநின்றவூரில் முறுக்குக்காரர் காதருகே கூவினார், தூங்கினார். வேப்பம்பட்டில் கல்யாணக் கூட்டம் ஒன்று தவில், நாகஸ்வரம் சகிதம் ஏறியது, தூங்கினார். தலை ஜன்னல் கம்பியில் மோதிக்கொண்டு, கனகாம்பரம் ஒவ்வொன்றாக உதிர, பிறந்ததிலிருந்து யாருக்கும் எதற்கும் பொறுப்பே இல்லாதவர் மாதிரி ஒரு தூக்கம். இத்தனைக்கும் வேறொரு ஆணோடு அவரைப் பார்த்திருந்தால்கூட நான் பெருந்தன்மையாக மன்னித்திருப்பேன். அந்தத் தூக்கத்தை மன்னிக்க முடியவில்லை.

திருவள்ளூரில் எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. அதே வண்டிதான் திரும்பிப் போகும். அவரிடம் போக வர சீட்டு இருந்திருக்க வேண்டும். துப்பறிவாளரிடம் போவதற்கு மட்டும்தான் இருந்தது. இறங்கி ஓடி, வரிசையில் நின்று, திரும்பச் சீட்டு வாங்கிக்கொண்டு ஓடி வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. தூங்கும் தலை ஜன்னலோடு நகர்ந்து போனதைப் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தேன்.

அப்போதுதான் உறைத்தது. டம்ளர் பிடிக்க முடியாத ஒருத்தியையும், பிடித்த டம்ளரைச் சிந்தாமல் வைக்க முடியாத ஒருவரையும் தனியாக விட்டு வந்திருக்கிறேன். தாகம் எடுத்தால் என்ன செய்வார்கள்? அவர் எழுந்து விழுந்தால் கமலா எப்படித் தூக்குவாள்? ஸ்டவ் பக்கம் போய்விட்டால்? அடுத்த வண்டி வருவதற்குள் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிக்கும் தேங்காய் நேர்ந்துவிட்டேன். ஆவடியில் இறங்கிச் சைக்கிளை மிதித்த வேகத்தில் செயின் இரண்டு தரம் கழன்றது.

மாடிப்படியில் கால் வைத்ததும் சிரிப்பு கேட்டது. கமலாவின் சிரிப்பு, நடுவில் மூச்சு வாங்கி, திரும்ப முதலிலிருந்து. கூடவே ஓர் ஆணின் கரகரத்த சிரிப்பு. அதற்கு நடுவே, “ம்ம்ஹ்ஹா...” என்று ஒரு பெருமூச்சு. என்னுடையது. நான் விடாமலேயே.

செருப்பைக் கழற்றாமல் எட்டிப் பார்த்தேன். அடுக்களை முழுக்கச் சர்க்கரை. தரையில் பால். கமலா முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, லாரிக்காரர் நின்று காபி கலந்திருக்கிறார். கையும் வாயும் ஆளுக்கொன்றாகப் போட்டுக் கலந்த காபி. அதைக் கொண்டாடும் விதமாகக் கமலா, சைக்கிளைப் பூட்டுவதிலிருந்து ஆரம்பித்து, என் பெருமூச்சை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து அந்தக் காபியைக் குடித்துக்கொண்டிருந்தார் எதிர்வீட்டு அம்மாள், முகம் பளபளவென்று.

“எங்கே போனீங்க இவ்ளோ நேரம்?” என்றாள் கமலா.

“கடைக்கு.”

“திருவள்ளூர்ல நல்ல கட கீதா மாப்ளே?” என்றார் அந்த அம்மாள். “அந்தத் தூண் உங்களுக்குப் பத்தல. அடுத்தவாட்டி ஆலமரமாப் பாத்து நில்லுங்க.”

லாரிக்காரர் சிரித்த சிரிப்பில் பிரம்பு நாற்காலி குலுங்கியது. நடுக்கமா சிரிப்பா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு கமலா என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னாள்.

“அந்த அக்கா முடியலன்னு வாயால சொல்றாங்க. போறாங்க. திரும்பி வர்றப்ப அவரைப் பாத்து ‘இன்னாய்யா, உயிரோட கீறியா’ன்னு சிரிக்கறாங்க. நீங்க போறதே இல்ல. ஆனா உங்க மூச்சு கீழ்ப்படியில கேக்கறப்பவே எனக்கு, ஐயோ, நான் இன்னும் இருக்கேனேன்னு ஆயிடுது.”

வழக்கமான பதில் மார்பு வரை வந்தது. அதை விழுங்கினேன்.

“எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு கமலா” என்றேன். முத்து எதுவும் கொட்டவில்லை. கண்ணிலிருந்துதான் ஏதோ கொட்டியது.

“அதைச் சொல்றதுக்கு இத்தனை வருஷமா?” என்றாள். மடங்காத விரல்களால் என் தலையைத் தடவப் பார்த்தாள், கண்ணில் குத்திவிட்டாள். அதற்கும் சிரித்தாள். நான் எதிரில் இருக்கும்போதே.

அடுத்த வாரத்திலிருந்து முறை வைத்துக்கொண்டோம். ஒரு ஞாயிறு அவருக்கு, ஒரு ஞாயிறு எனக்கு. என் முதல் ஞாயிறு, திருவள்ளூர் போய், அங்கிருந்து ஆவடியும் தாண்டித் தூங்கிவிட்டேன். சென்ட்ரலில் கூட்டுகிறவர் துடைப்பத்தால் தட்டி எழுப்பினார். விளக்கு வைக்கிற நேரத்தில் கன்னத்தில் ஜன்னல் கம்பி பதிந்த தழும்போடு வந்து நின்றேன். “பொண்ணு பாக்க வந்தப்ப இருந்த மூஞ்சி” என்றாள் கமலா. அப்போதும் எனக்கு ஒரு குறை. அந்த அம்மாள் தூங்கினாலும் தூக்கத்திலேயே ஆவடி வந்தால் எழுந்துவிடுவார். எனக்கு அந்த வித்தை கடைசிவரை வரவில்லை.

தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலத்தில் லாரிக்காரர் போய்விட்டார். தூக்கத்திலேயே. காரியமெல்லாம் முடிந்து, மகள் ஊருக்குத் திரும்பி, இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். ஞாயிறு மத்தியானம் கதவு தட்டும் சத்தம். வீட்டில் உடுத்தும் புடவையோடு, தலையில் பூ இல்லாமல் அவர் நின்றார். பக்கத்தில் யாரும் இல்லை. பக்கத்தில் யாரோ இருப்பதுபோல ஒரு கை மட்டும் கொஞ்சம் மடங்கியிருந்தது.

“கெளம்புங்க மாப்ளே. கமலாவ நான் பாத்துக்கறேன்.”

“இன்னிக்கு உங்க முறையாச்சே.”

“போன மொற போனேன். திருவள்ளூர் வரிக்கும் முய்ச்சிகினே போய், முய்ச்சிகினே வந்தேன். வழில இத்தினி ஸ்டேஷன் கீதுன்னு அன்னிக்குத்தான் பாத்தேன்.” பிரம்பு நாற்காலியைப் பார்த்தார். “ராத்திரியும் வர மாட்டேன்து. யார வுட்டுட்டுப் போய்த் தூங்கறது, சொல்லுங்க.”

அந்த நேரம் பார்த்து, பல மாதமாக வராத பெருமூச்சு வெளியே வந்துவிட்டது. “ம்ம்ஹ்ஹா...”

பஞ்சர் என்று கேலி செய்வார் என எதிர்பார்த்தேன். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“வயிறு எரியுது மாப்ளே, உங்களப் பாத்தா” என்றார். “போங்க. போய்த் தூங்குங்க.”

போனேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. செருப்பைக் கழற்றி, காலை மடக்கி, கண்ணை மூடினேன். தூக்கம் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் அவரைப் பார்த்து நான் வயிறு எரிந்திருக்கிறேன். என்னைப் பார்த்து வயிறு எரிய ஓர் ஆள் இருந்தால் எப்படியிருக்கும் என்று கற்பனைகூடச் செய்தது உண்டு. அது வந்தபோது உட்கார முடியவில்லை. பட்டாபிராமிலேயே இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த வண்டியைப் பிடித்தேன்.

மாடிப்படியில் சத்தமே இல்லை. கதவு திறந்திருந்தது. கமலா முக்காலியில், வாசலைப் பார்த்தபடி, சிலை மாதிரி ஆடாமல் அசையாமல் இருந்தாள். அவளுக்குப் பின்னால் பிரம்பு நாற்காலியில் அந்த அம்மாள், தலை ஒருபக்கம் சாய்ந்து, வாய் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார். கமலாவின் பாதிப் பின்னல் அவர் கையில் அப்படியே இருந்தது.

எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருக்கிறாளோ. அதிக நேரம் ஒரே நிலையில் இருந்தால் அவளுக்கு முட்டி பூட்டிக்கொள்ளும். இரவெல்லாம் வலி பிராணன் போகும். எழுப்பட்டுமா என்று சைகையில் கேட்டேன். கமலா கண்ணை உருட்டினாள். வளையாத ஒரு விரலை மெதுவாகத் தூக்கி உதட்டில் வைத்தாள். நான் இதுவரை பார்க்காத ஓர் அதிகாரம் அவள் முகத்தில் இருந்தது.

மார்பு வரை வந்ததை இரண்டு கையாலும் வாயைப் பொத்தி அடக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றி, கீழிறங்கி, பாதிப் படியில் போய் உட்கார்ந்தேன். சுவரில் சாய்ந்து பார்த்தேன். ம்ஹூம். அந்தப் படியிலும் அவருக்குத்தான் தூக்கம் வரும்.